ஜரிகைப் பெட்டியில் வைத்த பணம்

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-11-2025

என் கண்ணு, பேத்தி திரிஷாவுக்கு ஆயா தையல்நாயகி எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதைப் பிறகு எழுது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. அந்தப் பல் செட் முழுக்க நீயே கட்டியதா? என் வாயில் மிச்சம் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. காது கேட்காத பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டவர்கள் எல்லோரும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசல் வழியாகவே ரேஷன் கடைக்குப் போனேன். அடுத்த வீட்டு சங்கரி வாங்கிப் பார்த்துவிட்டுத் தரவே மாட்டேன் என்றாள்.

இப்போது பயத்தை எழுதுகிறேன். நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. சங்கரியின் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்துக்குக் கால் ஊனத்துக்காக வரும் உதவித்தொகை இரண்டு மாசமாக வரவில்லை. புதன்கிழமை ஓர் ஆள், கழுத்தில் அட்டை, கையில் பட்டியல், வீடு வீடாக வந்தார். ஆதாரையும் பேங்க் புத்தகத்தையும் காட்டச் சொன்னார். நம் வீட்டில் நின்று உன் பெயரை வாசித்தார். காதுக்காக உனக்குப் பென்ஷன் வரும் புத்தகத்தைக் காட்டினேன். வேறு கணக்கு இருக்கிறதா என்றார். இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார், போய்விட்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

சங்கரி என்ன சொல்கிறாள் தெரியுமா? "பேங்க்ல ரூபா சேத்து வச்சிக்கினு இருந்தா வசதியானவங்கன்னு எழுதி, தொகைய நிறுத்திடறாங்களாம் ஆயா."

உன் பெயரும் என் பெயரும் சேர்ந்த அந்தச் சேமிப்புக் கணக்கில் பத்தொன்பது மாசப் பணம் இருக்கிறது. அது தெரிந்து பென்ஷனை நிறுத்திவிட்டால் உன் விடுதிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்? நாளைக்கு நான் இல்லாதபோதும் மாசாமாசம் உன்னைத் தேடி வரப்போவது அந்தத் தொகை ஒன்றுதான். சேமிப்பு என்பது ஆசை. அது வேறு, இது வேறு. உடனே பதில் எழுது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஆயா

*

பெண்கள் விடுதி,
தாம்பரம்.
14-11-2025

அன்பு ஆயா,

சாப்பிடுகிறேன். முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எங்கள் டிரஸ்ட்டில் சேமிப்புத் திட்டத்தை நடத்தும் சுகாசினி மேடத்திடம் காட்டினேன். அவர் என் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, இந்தச் சேமிப்பால் என் தொகை நிற்காது என்று எழுதிக் காட்டினார். பஞ்சாட்சரம் மாமாவுக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும், ஆபீஸில் போய்க் கேட்கச் சொல். அடுத்த முறை அந்த ஆள் வந்தால் பொய் சொல்லாதே. மறைக்க ஒன்றும் இல்லை.

திட்டத்தை உனக்கு இன்னொரு முறை எழுதுகிறேன். பல் செட் கட்டும் பயிற்சியில் எனக்குக் கொடுக்கிற பணத்திலிருந்து மாதம் ஆயிரத்து ஐந்நூறு போடுகிறேன். இருபத்துநான்கு மாதம் விடாமல் போடவேண்டும், நடுவில் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. மார்ச்சில் முடியும். முடிந்தால் நான் சேர்த்த அளவுக்கு டிரஸ்ட் தன் பங்கைப் போடும். நடுவில் எடுத்தால் மறுபடியும் முதல் மாதத்திலிருந்துதான்.

சேரும்போது ஒரு தாளில் தொழில் இலக்கு என்ன என்று கேட்டார்கள். "காஞ்சிபுரத்தில் சொந்தமாகப் பல் செட் கட்டுவது" என்று எழுதினேன். ஒரு மேசை, ஒரு சின்ன மோட்டார், ஒரு பாலிஷ் மெஷின். நம் ஊர்ப் பல் டாக்டர்கள் இன்றைக்கும் வாய் அளவை பார்சலில் சென்னைக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் ஊரில் இருந்தால் எனக்கே தருவதாக ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேட்டுத்தெரு பக்கம் ஒரு சின்ன அறையும் ஏப்ரலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஐந்தே மாதம். அந்தக் கணக்கைத் தொடவேண்டாம் ஆயா.

நம் வீட்டு போனில் பேசத்தான் முடியும், எனக்கு அது பயன்படாது. கடிதமே நல்லது. பயம் வந்தால் எழுது.

உன்
திரிஷா

*

உ

காஞ்சிபுரம்.
18-11-2025

கண்ணு திரிஷாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான்கு நாள் முன்னால் வந்திருக்கலாம். தபால்காரரைக் கோபித்துக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

இங்கே மழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறாமல் உன் அப்பா சாக்குப் போட்டு வைத்திருக்கிறார். கல்யாணப் புடவை ஒன்று நெய்து முடித்து அறுக்கும் தறுவாயில் இருக்கிறது, இரண்டு பக்கமும் பெரிய ஜரிகைப் பேட்டுக் கரை. இந்த வாரம் முடித்து முதலாளி உமாபதியிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். ஒருவர் அந்த மாதிரிச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் அப்படியே திருப்பிப் போட்டுவிட்டால், அது எடுத்தது என்று ஆகுமா? போட்டுவிட்டார்களே, சரிதானே என்று விட்டுவிடுவார்களா? சங்கரிதான் கேட்கச் சொன்னாள்.

சுகாசினி மேடம் கோபக்காரரா? அதையும் எழுது.

எனக்குச் சாப்பாடு இன்னும் சரியாக இறங்கவில்லை. அதற்காக நீ கவலைப்படாதே.

ஆயா

*

தாம்பரம்.
24-11-2025

அன்பு ஆயா,

சங்கரி அக்காவுக்குச் சேமிப்பே கிடையாதே?

திருப்பிப் போட்டாலும் எடுத்ததுதான். பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியும் பார்ப்பார்கள். மேடம் கோபக்காரர் இல்லை. ஆனால் விதி அவர் போட்டது இல்லை.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் எல்லோருடைய புத்தகத்தையும் சரிபார்க்கிறார்கள். நீ பேங்குக்குப் போய் என்ட்ரி போட்டு, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. கணக்கில் அப்பாவின் நம்பர்தான் இருக்கிறது, அவர் மெசேஜைத் திறந்தே பார்ப்பதில்லை, எனக்கு எதுவும் வருவதில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

நேற்று ஒரு பாட்டியின் மேல் பல் வரிசையை மெழுகில் அடுக்கினேன். உன் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்ததால் ஒரு பல் சாய்ந்துவிட்டது. சார் பார்த்துவிட்டு மொத்தத்தையும் உருக்கச் சொல்லிவிட்டார்.

ஆயா, எதையாவது மறைக்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது.

திரிஷா

*

உ

காஞ்சிபுரம்.
30-11-2025

என் அம்மா திரிஷாவுக்கு,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான் எடுத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால், பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை, இருபத்தெட்டாயிரம். ஐந்நூறு மட்டும் விட்டுவைத்தேன்.

பேங்கில் அந்தத் தம்பி, "பாப்பா வர்லியா மா?" என்று கேட்டார். நான், "அது காது கேக்காத பொண்ணுபா, அதுக்கு எல்லாம் நான்தான்" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதையும் மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது உனக்குச் சொல்வார்கள்.

ரூபாயாக வீட்டில் வைக்கப் பயம். உன் அப்பா பார்த்தால் எது என்று கேட்பார். அதனால் ஷரீஃப் பாய் கடைக்குப் போய் மொத்தத்துக்கும் அசல் வெள்ளி ஜரிகையாக வாங்கிவிட்டேன். வெள்ளி விலை ஏறிக்கொண்டு போகிறது, மார்ச்சில் விற்றுப் போட்டுவிடலாம், அதற்குள் பட்டியல்காரர் வந்து போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. ஜரிகை இருக்கும் இடத்தில் ஜரிகை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று, தறி ஓரத்தில் முதலாளி கொடுத்த ஜரிகை இருக்கும் மரப்பெட்டியிலேயே அடியில் வைத்தேன்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். போன சனிக்கிழமை புடவை அறுத்தார். அறுத்தால் மிச்ச ஜரிகையை எடை போட்டு முதலாளியிடம் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம், உன் தாத்தா காலத்திலிருந்து ஓர் இழை வைத்துக்கொண்டதில்லை. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் அப்போது ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டி. பேட்டு பெரிதாயிற்றே, முதலாளி தாராளமாகக் கொடுத்துவிட்டார் போல என்று உன் அப்பா சிரிக்கிறார்.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. முதலாளியிடம் போய் அது என் ஜரிகை என்றால், நெசவுக்காரன் வீட்டில் சொந்த ஜரிகை ஏது, எத்தனை புடவையில் எடுத்துச் சேர்த்தது என்றுதான் கேட்பார். என் பிள்ளையைத் திருடன் ஆக்கிவிடுவேனோ என்று பயம். போகாமல் இருந்தால் உன் பணம் போய்விடும். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நீ. நடுவில் நின்றுகொண்டு எட்டு நாளாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஆயா

*

உ

காஞ்சிபுரம்.
14-12-2025

திரிஷாவுக்கு,

பதினான்கு நாள் ஆயிற்று. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது இப்போது என்னைப் பார்ப்பதில்லை, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார்.

முந்தாநாள் சங்கரியைவிட்டு விடுதி அம்மாவுக்கு போன் போடச் சொன்னேன். நீ நன்றாக இருக்கிறாய், வேலைக்குப் போகிறாய், சாப்பிடுகிறாய் என்றார்கள். அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

விடுதி வாசல் ரோட்டைப் பார்த்துக் கட. பஸ் பின்னால் வந்தால் உனக்குத் தெரியாது. என் மேல் கோபமாக நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க மறந்துவிடாதே.

ஆயா

*

தாம்பரம்.
20-12-2025

ஆயாவுக்கு,

புத்தகம் சரிபார்க்கும் நாளில் எல்லோரும் ஜெராக்ஸ் கொடுத்தார்கள். நான் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். மேடம் குழுவில் எனக்காகப் பேசினார். நடக்கவில்லை. பத்தொன்பது மாதமும் போய்விட்டது. மறுபடி சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்து. ஏப்ரலுக்குச் சொல்லிவைத்த அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

பணம் போனதற்காக அழுதேன். ஆனால் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது அதற்காக இல்லை.

"அது காது கேக்காத பொண்ணு, அதுக்கு எல்லாம் நான்தான்." இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தத் தெருவில் மற்றவர்கள் சொன்னதை நீங்களும் சொல்லிவிட்டீர்கள். பேங்கிலும் அது போதுமானதாக இருந்தது. என் பணத்தை எடுக்கிறார்களே, என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க உங்களுக்கும் தோன்றவில்லை.

நீங்கள் பயந்தீர்கள். எனக்கும் தினமும் பயம்தான். ரோடு கடக்கப் பயம், பட்டறையில் பின்னால் யாராவது கூப்பிட்டுக் கேட்காமல் போய்விடுமோ என்று பயம், பயிற்சி முடிந்து யாரும் வேலை தராமல் போனால் என்ன என்று பயம். அந்தப் பயத்தோடுதான் மாதாமாதம் போட்டேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து உங்கள் பெயரை நீக்குவதற்கு. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேறு எதுவும் வேண்டாம். அப்பாவை முதலாளியிடம் மாட்டிவிட வேண்டாம், அந்தப் பணத்தை நான் மறுபடி சேர்த்துக்கொள்கிறேன்.

திரிஷா

*

உ

காஞ்சிபுரம்.
4-1-2026

திரிஷாவுக்கு,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்ததிலிருந்து என்னை அப்படிச் சொன்னதில்லை, கையால் பேசும்போதுகூட. சரி, அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். தறியில் உட்கார்ந்திருந்தார், அப்படியே இறங்கி வெளியே போய்விட்டார். சாயங்காலம் வந்து, "வாமா, போலாம்" என்றார், அவ்வளவுதான். இரண்டு பேரும் முதலாளி வீட்டுக்கு நடந்தோம். கச்சபேஸ்வரர் கோயில் மதில் ஓரமாக இரண்டு தடவை நின்றேன்.

அங்கே இன்னும் நான்கு நெசவுக்காரர்கள் அடுத்த புடவைக்குப் பாவு நூல் வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பேத்தியின் பணத்தைப் பேத்தியைக் கேட்காமல் எடுத்தேன், அதற்கு வாங்கிய ஜரிகை உங்கள் மிச்சத்தோடு வந்துவிட்டது என்றேன். நான் பயந்தபடியே முதலாளி முதலில் உன் அப்பாவைத்தான் பார்த்தார். "தேவேந்திரா, வூட்ல எப்பிடிப்பா சொந்த ஜரிகை வந்துது?" என்று கேட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். நாற்பது வருஷம் வாங்கிய பெயர், நான்கு பேர் எதிரில்.

முதலாளி ஷரீஃப் பாய்க்கு போன் போட்டார். பாய் நேரிலேயே வந்துவிட்டார். அன்றைக்கு நான் வாங்கிய எடையைத் தன் சீட்டைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு, "இந்த அம்மா அன்னிக்கு வாசலையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருந்தாங்க, எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். முதலாளியும் தன் நோட்டைப் பார்த்தார். மிச்சம் கூடுதலாக வந்ததை அவரும் அன்றைக்கே குறித்து வைத்திருந்தார். இரண்டு எடையும் ஒத்துப்போயிற்று. ஜரிகையைக் கொடுத்துவிட்டார். உன் அப்பாவிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார், அடுத்த பாவையும் கையில் கொடுத்து அனுப்பினார். திரும்பி வரும்போது நான் நின்ற இடத்திலெல்லாம் உன் அப்பாவும் நின்றார்.

பாய் இன்றைய விலைக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். இருபத்தொன்பதாயிரத்து நூறு. கூட வந்த ஆயிரத்து நூறைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் ஞாயிறு உன் அப்பா கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். நான் பேங்கில் போடவில்லை. நீ வரச்சொல்லாமல் நான் அவரோடு வரவும் மாட்டேன்.

பஞ்சாட்சரத்துக்கு மூன்று மாசத் தொகையும் சேர்ந்து வந்துவிட்டது. ஆதாரில் அவர் கைரேகை பதியவில்லையாம், புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. பட்டியல்காரர் அதற்குத்தான் வந்தாராம். சங்கரி அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் மேல் தப்பில்லை. அவள் கேள்விப்பட்டதைச் சொன்னாள், எடுத்தது நான்.

படிவத்தில் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இதோடு இருக்கிறது. போடுவதற்குள் எத்தனை பயம். உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், உன்னால் எழுத முடியாமல் போனால், யாராவது உன்னை ஏமாற்றினால், அந்தக் கணக்கில் கேட்க ஆள் யார் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. போட்ட பிறகும் போகவில்லை. இனிமேலும் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது வந்தால் உனக்கு எழுதுகிறேன், உன் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேங்கில் நான் சொன்ன அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. போய் அந்தத் தம்பியிடம் மறுபடி சொல்லலாமா என்று பார்த்தேன். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

தையல்நாயகி

*

தாம்பரம்.
22-1-2026

ஆயா,

அப்பா வந்தார், பணம் கொடுத்தார். பொங்கலுக்கு வா என்று நீ ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை என்றார். முறுக்கு வந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு இங்கே இருக்கும் கிளைக்கு நானே போனேன். கணக்கை இங்கே மாற்றியாகிவிட்டது. உன் பெயர் நீங்கிவிட்டது, என் நம்பர் ஏறிவிட்டது. அங்கே இருந்த மேடம் முதலில் என்னோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் ஒரு தாளில், "கணக்கு என்னுடையது, என்னிடம் எழுதிக் கேளுங்கள்" என்று எழுதி நீட்டினேன். அவர் எழுத ஆரம்பித்தார், அரை மணி நேரம் எழுதியே பேசினோம்.

திட்டத்தில் மறுபடி சேர்ந்துவிட்டேன். இது முதல் மாதம். அடுத்த வருஷம் டிசம்பரில் முடியும். டாக்டர் காத்திருப்பாரா என்று தெரியாது. அந்த அறை போனது போனதுதான். உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, போய்விட்டது என்று எழுதினால் பொய்.

கடைசியில் அந்த மேடம், நாமினி யார் என்று எழுதிக் கேட்டார். உன் பெயரை எழுதினேன். வயதைப் பார்த்துவிட்டு, இளையவர் யாரும் இல்லையா என்று எழுதினார். அப்பா இருக்கிறாரே, இல்லை என்று நான் எழுதவில்லை. இவர்தான் என்று எழுதினேன்.

நீ தப்பாக நினைத்துக்கொள்ளாதே. அது பணம் எடுக்கிற உரிமை இல்லை. நான் இருக்கும்வரை அதில் ஒரு ரூபாயை உன்னால் தொட முடியாது. நான் இல்லாமல் போனால் யாரைத் தேடிப் போகவேண்டும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

இதைப் படித்ததும் நீ பயப்படுவாய் என்று தெரியும். எழுது.

திரிஷா